அந்தக் குச்சியைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள்!

"காகிதப்பூக் குச்சி நல்லாத் துளிர்த்துச்சுண்ணே, குட்டி மரமா வளர்க்கலாம்னு போன்சாய்த் தட்டுக்கு மாத்தினேன், ஒரே வாரத்துல காஞ்சுபோச்சு." நர்சரிக்கு வருகிறவர்களிடம் இதை எத்தனை முறைதான் கேட்பது! காகிதப்பூ மாதிரி லேசில் சாகாத செடியைக் கொன்றுவிட்டுக் கைராசி இல்லை என்கிறார்கள். கைராசியெல்லாம் ஒன்றுமில்லை, அவசரம்தான்.

துளிர் வேறு, வேர் வேறு. வெட்டி நட்ட குச்சிக்குள் ஏற்கெனவே மாவுச்சத்தும் ஈரமும் சேர்ந்திருக்கிறது, அதை வைத்தே அது கணுவுக்குக் கணு இலை விடும், சில சமயம் பூவே விடும், அடியில் ஒரு வேர்கூட இல்லாமல். அந்த நேரத்தில்தான் நீங்கள் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டுத் தொட்டியை மாற்றுகிறீர்கள். வேர் இருக்கிறதா என்று பிடுங்கிப் பார்ப்பது அதைவிட மோசம். செம்பருத்தியாவது கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், காகிதப்பூவின் இளவேர் கை பட்டாலே அறுந்துவிடும். பார்த்தே ஆகவேண்டும் என்றால் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டம்ளரில் நட்டு, கறுப்புத் தாளைச் சுற்றி வையுங்கள். வேர் ஓரத்துக்கு வந்ததும் தாளை விலக்கினால் தெரியும். டம்ளர் அடியில் ஓட்டை போடுங்கள், இதையும் சொல்லவேண்டியிருக்கிறது.

குச்சி கட்டைவிரல் தடிமனாவது இருக்கட்டும், பட்டை பழுப்பேறி முற்றியதாக. கவாத்து செய்கிற வீட்டில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். சின்னத் தட்டில் வைத்தால் போதும், தானாகக் குட்டி மரமாகிவிடும் என்று யார் சொன்னார்களோ! தட்டுக்குப் போனபின் அடிமரம் பருப்பது கிட்டத்தட்ட நின்றுவிடும். பென்சில் குச்சியைத் தட்டில் வைத்தால் பல வருஷம் கழித்தும் பென்சில் குச்சிதான். பருக்கவேண்டுமானால் தரையிலோ பெரிய தொட்டியிலோ வைத்து, கிளைகளை வெட்டாமல் ஓடவிடுங்கள். (பாலைவன ரோஜா என்கிற அடீனியத்தைக் குச்சியில் வளர்த்து, அடி உருண்டையாகப் பெருக்கும் என்று காத்திருப்பவர்கள் தயவுசெய்து விதைச்செடி வாங்கிக்கொள்ளுங்கள்.)

குச்சி நட, மணலும் தென்னைநார்க் கழிவும் சமமாகக் கலந்தால் போதும். உரம் வேண்டாம், சாணியும் வேண்டாம். நிழலில் வையுங்கள், ஈரம் இருக்கலாம், சொதசொதவென்று இருக்கக்கூடாது. அப்புறம் 2 மாதமாவது தொடாதீர்கள், தடித்த குச்சிக்கு 3 மாதம்கூட ஆகும்.

கிளையை வளைத்து வடிவம் கொடுக்கக் கம்பி கட்டுவது இளங்கிளையில் மட்டும். முற்றியதை வளைத்தால் டப்பென்று முறியும்.

நன்றாக வேர் பிடித்தபின் நல்ல வெயிலில் வைத்து, இலை லேசாகத் தொங்கும்போது தண்ணீர் ஊற்றினால் பூக்கும். யூரியாவைக் கொட்டிவிட்டு "இலை மட்டும் வருது, பூவே வரல" என்று மட்டும் என்னிடம் வராதீர்கள்.