தென்னை வட்டை நிலமென்று எண்ணிய வரைபடம்

மட்டக்களப்பு களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். கடலுக்கும் வாவிக்கும் நடுவில், எழுவான்கரையில் அவர்களுடைய வளவு. கைபேசியில் ஒரு வெள்ள அபாய வரைபடத்தைத் திறந்தால் கடல் ஒரு மீற்றர் உயர்ந்தாலும் அந்த வளவு பச்சையாகவே, அதாவது தண்ணீர் வராத இடமாகவே நிற்கிறதாம். ஆனால் 2024 நவம்பர் மழையில் வாசற்படி வரை தண்ணீர். "அண்ணை, பிழை வரைபடத்திலா, எங்கட வளவிலா?"

வளவில் பிழையில்லை. வந்தது மழைவெள்ளம், கடல் இல்லை என்று சிலர் சொல்வார்கள். சரி, அந்த மழைவெள்ளம் எங்கே போகவேண்டும்? வாவிக்குள் இறங்கி முகத்துவாரத்தால் கடலுக்கு. வாவி மட்டத்துக்கும் கடல் மட்டத்துக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் அதை வெளியே தள்ளுகிறது, கடல் ஏற ஏற அந்தத் தள்ளல் குறையும், முகத்துவாரத்தை அடைக்கிற மண்திட்டை எத்தனை தரம் வெட்டிவிட்டாலும் கதை அதுதான். ஆக வெள்ளத்தைக் கணிக்க இரண்டு எண்கள் வேண்டும்: தண்ணீர் எவ்வளவு உயரம், நிலம் எவ்வளவு உயரம். எல்லாரும் முதலாவதைப் பற்றியே பேசுகிறோம். நம்மை ஏமாற்றியது இரண்டாவது.

உலகத்தின் பல இலவச வரைபடங்களுக்கு நில உயரம் வந்த இடம் ஒன்றுதான். 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பூமியைச் சுற்றியது. அதன் வயிற்றில் ஒரு ராடர் அலைவாங்கி, அங்கிருந்து 60 மீற்றர் நீளக் கம்பம் ஒன்றை வெளியே நீட்டி அதன் நுனியில் இன்னொன்று. ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலைப் பாருங்கள், பிறகு மற்றக் கண்ணால் பாருங்கள், விரல் இடம் மாறும். கிட்ட உள்ளது கூட மாறும், தூர உள்ளது குறைய மாறும். அதே வேலைதான். கீழேயிருந்து திரும்பும் எதிரொலி இரண்டு அலைவாங்கிகளுக்கும் கொஞ்சம் வித்தியாசமான தூரத்தைக் கடந்து வரும், அந்தச் சின்ன வித்தியாசத்திலிருந்து உயரத்தைக் கணித்துவிடலாம். அருமையான வேலை, குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் அந்த ராடர் அலையின் நீளம் ஏறத்தாழ 5.6 சென்ரிமீற்றர். நம்முடைய தென்னோலைக் கீற்றின் அகலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த அளவு அலைக்கு ஓலை, மடல், குரும்பை எல்லாமே முட்டித் தெறிக்கிற சுவர்தான். கொஞ்சம் உள்ளே போகும், தரை வரை போய்த் திரும்புவது சொற்பம். கருவிக்கு மரம் என்றும் மண் என்றும் தெரியாது, எங்கிருந்து எதிரொலி கூட வந்ததோ அதுதான் அதற்கு நிலம். அத்தோடு, உலகத்துக்கு முதலில் வெளிவிட்ட வரைபடத்தில் ஒரு புள்ளி 90 மீற்றர் சதுரம், அதாவது இரண்டு ஏக்கர். இரண்டு ஏக்கர் தென்னந்தோட்டத்தில் நூறு மரத்துக்கு மேல் நிற்கும். அத்தனை வட்டும் (மரத்தின் ஓலைத்தலை), வீட்டுக் கூரையும், கிணற்றுக்கட்டும், வெறும் மணலும் சேர்ந்து ஒரே ஒரு எண். பிறகு வந்த 30 மீற்றர் வரைபடத்தில்கூட ஒரு புள்ளிக்குள் 35 பேர்ச் காணி அடங்கிவிடும்.

இதனால் தாழ்ந்த கரையோரங்களில் நில உயரத்தைச் சராசரியாக ஏறக்குறைய 2 மீற்றர் கூடுதலாகக் காட்டிவிட்டது. இப்போது இதையும் பாருங்கள்: ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கையின்படி, பச்சைவீட்டு வாயு வெளியேற்றம் மிகக் கூடிய வழியில் போனால் 2100 அளவில் கடல் உயரக்கூடியது 0.63 தொடக்கம் 1.01 மீற்றர். அளக்கிற பொருளைவிட அளவுகோலின் பிழை பெரிது! 2019இல் இந்தப் பிழையைத் திருத்திக் கணக்கிட்டபோது, இன்றைய உயர் வற்றுப்பெருக்கு மட்டத்துக்குக் கீழே வசிப்போர் உலகில் 2.8 கோடி இல்லை, 11 கோடி என்று வந்தது. ஒரு இரவில் கடல் ஏறவில்லை, நிலம்தான் கணக்கில் இறங்கியது.

திருத்தத்துக்கு இப்போது கைகொடுப்பது நாசா 2018இல் அனுப்பிய ஐஸ்சாற்-2 என்ற செய்மதி. ஏறத்தாழ 500 கிலோமீற்றர் மேலேயிருந்து பச்சை லேசரை விநாடிக்கு 10,000 தரம் சுடுகிறது. ஒவ்வொரு சுடலிலும் இலட்சக்கணக்கான கோடி ஒளித்துகள்கள் புறப்படும், திரும்பி வந்து சேர்வது பத்துப் பன்னிரண்டு. அந்தப் பத்துப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக எண்ணி நேரம் குறிக்கிறது! சில ஓலையில் பட்டு முந்தி வரும். சில இரண்டு மடலுக்கு நடுவே வெயில் விழுமே, அந்த இடுக்கால் இறங்கி மணலைத் தொட்டுவிட்டுப் பிந்தி வரும். தென்னைக்குக் கீழே நிழல் ஒருபோதும் முழு நிழலாக இருப்பதில்லை, மணலில் வெளிச்சப் பொட்டுகள் ஆடிக்கொண்டே இருக்கும். அந்தப் பொட்டு ஒவ்வொன்றும் இந்த லேசருக்கு ஒரு வாசல். முந்தி வந்தது வட்டு, கடைசியாக வந்தது தரை. இப்படி லேசர் ஓடிய கோடுகளில் கிடைத்த உண்மை உயரத்தை வைத்து, மிச்ச இடத்தில் பழைய வரைபடத்தை எவ்வளவு குறைக்கவேண்டும் என்று கணினிக்குப் பழக்குகிறார்கள்.

இதுவும் முடிந்த முடிவு அல்ல. வாசற்படி நனையுமா நனையாதா என்பது 20 சென்ரிமீற்றரில் தீர்கிற விஷயம், விண்வெளியிலிருந்து அவ்வளவு நுணுக்கம் கேட்கக்கூடாது. என்னைக் கேட்டால், கல் அணை கட்ட ஒதுக்குகிற காசில் ஒரு துண்டை எடுத்து எழுவான்கரை, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை இரண்டையும் விமானத்திலிருந்து லேசரால் ஒருதரம் ஒழுங்காக அளந்துவிடலாம். எந்த உயரத்தில் கட்டுவது என்று தெரியாமல் கட்டுகிற அணையில் எனக்கு நம்பிக்கையில்லை. டிசம்பர் வந்தால் வட்ஸ்அப்பில் சுனாமிக்கு நாள் குறித்துக் கொடுக்கிற சோதிடர்களை நம்புகிறவர்கள், அந்த நம்பிக்கையில் பாதியையாவது நில அளவையாளருக்குக் கொடுக்கலாம்.

தம்பி, அதுவரை உங்களால் ஒன்று முடியும். மேசன்மார் தண்ணீர் நிரப்பிப் பிடிப்பார்களே, கண்ணாடிபோல உள்ளே தெரிகிற அந்தப் பிளாஸ்ரிக் குழாய் ஒன்று போதும். சுவரில் வெள்ளம் விட்டுப்போன கறை இன்னும் இருந்தால், அதன் மட்டத்தைப் பக்கத்து மதகின் கட்டு வரை கொண்டுபோய் எத்தனை சென்ரிமீற்றர் கூடக் குறைய என்று திகதியோடு எழுதி வையுங்கள். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்க முதல் செய்யுங்கள்.