ஏறி ஆடுதல்: ‘ஆக்ரோஷ’த்தின் இடத்துக்கு ஒரு சொல்

தண்டையார்பேட்டையில் இருக்கும் அக்கா மகன் பழைய கணினி ஒன்றில் ‘என்டர் தி கன்ஜன்’ என்ற துப்பாக்கி ஆட்டத்தை ஆடுவான். போன மாதம் ஒரு மாலை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது தோற்றுப் போனான். “ஆக்ரோஷமாக ஆடினால் இந்த ஆட்டம் கொன்றுவிடும், மாமா” என்றான். ஆடும்போது அவன் கத்தவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. எதிரிகள் நிறைந்த அறைக்குள் நான்கு அடி அதிகமாக நுழைந்துவிட்டான், அவ்வளவுதான். அந்த நான்கு அடிக்கு ஆக்ரோஷம் என்ற பெயர் பொருந்துமா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

‘அக்ரெஷன்’ என்ற ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. ‘அட்’ என்றால் நோக்கி. ‘கிராடி’ என்றால் அடியெடுத்து வைத்தல். ஒருவரை நோக்கி அடியெடுத்து வைப்பதே அதன் முதற்பொருள். படிநிலையைக் குறிக்கும் ‘கிரேடு’ம் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அந்தச் சொல்லுக்குள் ஒரு கால் இருக்கிறது. கோபம் பின்னால் வந்து சேர்ந்தது.

நாம் அதற்கு ஈடாகப் பயன்படுத்தும் ‘ஆக்ரோஷம்’ வடசொல். ‘குருஷ்’ என்ற வேரின் பொருள் கூவுதல். ‘ஆக்ரோச’ என்றால் உரக்கக் கத்துதல், வைதல். அதே வேரிலிருந்து பிறந்த ‘குரோசம்’ ஓர் அளவைச் சொல்லாகவும் இருந்தது: ஒருவர் கூவினால் கேட்கும் தொலைவு. நாம் இன்றும் ‘கூப்பிடு தூரம்’ என்கிறோமே, அதே எண்ணந்தான். ஆக, ஆக்ரோஷத்துக்குள் இருப்பது குரல். விளையாட்டுப் பக்கங்களில் ‘ஆக்ரோஷமான ஆட்டம்’ என்று எழுதி எழுதி, முன்னேறி ஆடும் எவரையும் வெறிபிடித்தவராக ஆக்கிவிட்டோம்.

லத்தீன் சொல்லின் நேர் உறவைப் போல நிற்பது ‘ஆக்கிரமிப்பு’. அதன் வேரான ‘கிரம்’ அடிவைத்தலைக் குறிக்கும். சொற்பிறப்பை மட்டும் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான ஈடு கிடைக்காது. ஆனால் வடசென்னையில் அந்தச் சொல்லை ஒரு விளையாட்டுக்கு எடுத்துக் கொடுக்க என் கை வரவில்லை. பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் வீடிழந்தவர்களுக்கு அது அறிவிப்புத் தாளில் வந்த சொல்.

‘கன்ஜன்’ போன்ற ஆட்டங்களுக்கு வழங்கும் ‘ரோக்லைட்’ என்ற பெயரையும் பார்த்துவிடலாம். 1980இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர்களான மைக்கேல் டாய், கிளென் விச்மன் ஆகியோர் உருவாக்கிய ஆட்டம் ‘ரோக்’. கென் அர்னால்டு பின்னர் அவர்களோடு சேர்ந்தார். எழுத்துகளாலேயே வரையப்பட்ட நிலவறை, ஒவ்வொரு முறையும் புதிதாக அமையும் அறைகள், செத்தால் முதலிலிருந்து தொடக்கம்: இவைதாம் அதன் அடையாளங்கள். இந்த வழியில் வந்தவற்றை ‘ரோக்லைக்’ என்றார்கள். 2008இல் பெர்லினில் கூடிய உருவாக்குநர்கள் அதற்கு இலக்கணமே வகுத்தார்கள். 2013இல் வந்த ‘ரோக் லெகசி’ தன்னை ‘ரோக்லைட்’ என்று அழைத்துக்கொண்ட பிறகு அந்தப் பெயர் பரவியது. செத்தாலும் ஏதோ கொஞ்சம் கையில் மிஞ்சும் இலகுவான வகை என்பது பொருள். ‘ரோக்’ என்பதைப் போக்கிரி என்று மொழிபெயர்ப்பது பிழை. ஓர் ஆட்டத்தின் பெயராகத்தான் அது இதற்குள் வந்தது, அப்படியே இருக்கட்டும்.

அக்கா மகனின் நான்கு அடிக்கு வருவோம். துப்பாக்கி ரோக்லைட் ஆட்டங்களில் முன்னேறுபவரைத் தயங்க வைக்கும் முதல் காரணம், தோல்வியின் விலை. ஒரு மணி நேரம் சேர்த்த ஆயுதங்கள் ஒரு தவறில் போய்விடும். அதற்கு மேல் ஒவ்வொரு ஆட்டமும் தனக்கென ஒரு கடிவாளம் வைத்திருக்கிறது. ‘கன்ஜ’னில் தொடக்கத் துப்பாக்கிக்கு மட்டுந்தான் தோட்டா தீராது, நல்ல துப்பாக்கிகளுக்கு எண்ணித்தான் கிடைக்கும். சில எதிரிகள் சாகும்போதே நாலாபுறமும் தோட்டாக்களைச் சிதறுகிறார்கள். ஒட்டி நின்று கொன்றவர் அந்தச் சாவிலேயே அடிபடுவார். ஒரு தளத்தின் தலைவனை ஒருமுறைகூட அடிபடாமல் வீழ்த்தினால் தனிப் பரிசாக ஒரு தோட்டா கிடைக்கும். அது உயிர்க் கொள்ளளவில் ஓர் இதயத்தைக் கூட்டும். அந்தப் பரிசுக்கு ஆசைப்பட்டவர் சுடுவதைவிட விலகுவதைத்தான் அதிகம் பழகுவார்.

பின்லாந்தின் ஹவுஸ்மார்க் உருவாக்கி 2021இல் வெளிவந்த ‘ரிட்டர்னல்’ இன்னும் நுட்பமானது. அடிபடாமல் மூன்று எதிரிகளை வீழ்த்தினால் ‘அட்ரினலின்’ என்ற அளவு ஒரு படி உயரும். படிக்குப் படி புதுப்புது வலிமை சேரும். ஓர் அடி விழுந்தால் அத்தனையும் போய் மீண்டும் அடித்தட்டு. மூலையில் பதுங்கிக் கிடப்பவருக்குப் படி ஏறாது. கண்ணை மூடிக்கொண்டு பாய்பவருக்கு ஏறிய படி நிற்காது. முன்னே போவதை இந்த ஆட்டம் தண்டிக்கவில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பாராமல் போவதைத்தான் தண்டிக்கிறது. ‘ஆக்ரோஷம்’ என்ற ஒரே சொல்லில் இந்த இரண்டையும் போட்டுக் கட்டிவிட்டால், வடிவமைத்தவரின் உழைப்பு கண்ணிலேயே படாது.

எதிர்த்திசையில் தள்ளும் ஆட்டங்களும் உண்டு. ‘நியூக்ளியர் த்ரோன்’ ஆட்டத்தில் எதிரிகள் உதிர்க்கும் தோட்டாப் பெட்டியும் மருந்தும் சற்று நேரத்தில் மறைந்துவிடும். ஓடிப்போய் எடுத்தாக வேண்டும். ‘ரிஸ்க் ஆஃப் ரெய்ன் 2’ நேரம் ஆக ஆகக் கடினமாகிக்கொண்டே போகும். தயங்குபவருக்குத்தான் அங்கே ஆபத்து.

வடசென்னைக்காரருக்கு இந்தக் கடிவாளம் புதிதல்ல. கேரம் பலகையில் பார்த்ததுதான். ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால், போட்ட காய் ஒன்றைத் திரும்ப எடுத்துப் பலகையில் வைக்க வேண்டும். வேகமாக அடிக்கும் கைக்கு அந்த விதி போதும். சிவப்பைப் போட்டவர் அடுத்துத் தன் காய் ஒன்றையும் போட்டாக வேண்டும். தவறினால் சிவப்பு நடுவுக்கே திரும்பிவிடும். ஆசையோடு எடுப்பதற்கு முன் அடுத்த அடியை யோசிக்க வைக்கிறது அந்த ஒரு விதி. வியாசர்பாடியிலிருந்து போய் 2008இல் உலகப் பட்டம் வென்ற இளவழகியும், 2024இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் இந்த விதிகளுக்குள் வளர்ந்தவர்கள். அவர்கள் ஆட்டத்தை வேகமானது என்று சொல்லலாம். ஆக்ரோஷம் என்று சொல்லும் எவரும் பலகையைப் பார்க்கவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘தாக்குதல் ஆட்டம்’, ‘அதிரடி’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். முதலாவது பரவாயில்லை, ஆனால் மறைவிடத்தில் நின்று சுடுவதும் தாக்குதல்தானே? ‘அதிரடி’ ஓசையைச் சொல்கிறது, இடத்தைச் சொல்லவில்லை. நமக்கு வேண்டியது கால் உள்ள ஒரு சொல். மைதானங்களில் காதில் விழும் ‘ஏறி அடி’ என்ற வழக்கில் அது இருக்கிறது. எதிராளியின் இடத்துக்குள் அடியெடுத்து வைப்பதையே அது குறிக்கிறது. லத்தீன் சொல்லின் முதற்பொருளும் அதுவே. எனவே ‘ஏறி ஆடுதல்’ என்பதையே முன்வைக்கிறேன்.

அதற்கு எதிர்ச்சொல்லைக் குறளிலிருந்து எடுக்கலாம். ‘ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து’ என்பது காலம் அறிதல் அதிகாரத்தில் வரும் 486ஆம் குறள். பொருதகர் என்றால் சண்டைக் கடா. பேர்தல் என்றால் பின்னே கால்வைத்தல். முட்டுவதற்காகக் கடா பின்வாங்குகிறது. வலிமை உள்ளவன் ஒடுங்கி இருப்பதும் அப்படித்தான். ‘ரிட்டர்னல்’ கேட்பது இந்த ஒடுக்கத்தையே. கோழைத்தனம் கலவாத ‘ஒடுங்கி ஆடுதல்’ என்ற தொடர் இதனால் நமக்குக் கிடைக்கிறது. ஏறி ஆடுபவரை நிதானிக்க வைக்கும் வடிவமைப்புக்குக் ‘கடிவாளம்’ என்ற பழகிய சொல்லே போதும்.

ஒரு எச்சரிக்கை. பெயர்ச்சொல் வேண்டுமென்று ‘ஏறாட்டம்’ எனச் சுருக்க நானும் முயன்றேன். அதை ‘ஏறா ஆட்டம்’, அதாவது ஏறாத ஆட்டம் என்றும் பிரிக்கலாம். நேர் எதிரான பொருள் வந்துவிடும். கூட்டி எழுதாமல் ‘ஏறி ஆடுதல்’, ‘ஏறி ஆடுபவர்’, ‘ஏறி ஆட விடாத அறை’ என்று விரித்தே எழுதலாம்.