பாசன வாய்க்கால் மராமத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் பூர்வீக நன்செய் நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். தாம்பரத்தைத் தாண்டி அப்படியோர் ஊரில், ஏரியின் மதகை அண்மையில் அருகில் சென்று பார்த்தேன். ஷட்டரின் இரும்புத் தண்டு துருவேறி வளைந்திருந்தது. திருகும் சக்கரத்தைக் காணவில்லை. ஒழுகும் இடத்தில் மண் மூட்டைகளுக்கு நடுவே வைக்கோலைத் திணித்திருந்தார்கள். கீழே வாய்க்காலின் செங்கல் கட்டு பெயர்ந்து, ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது. கடைமடைக்குத் தண்ணீர் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன என்றார்கள். பழுதைவிட என்னை வருத்தியது, யாரிடம் கேட்பது என்பதே அங்கு எவருக்கும் தெரியாமல் இருந்ததுதான்.

முதலில் அறிய வேண்டியது, அந்த ஏரியும் வாய்க்காலும் யாருடைய பொறுப்பு என்பதாகும். பொதுவாக, ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலப்பரப்பு, 40 எக்டேருக்கு (சுமார் 100 ஏக்கர்) மேல் இருந்தால் சேப்பாக்கத்தைத் தலைமையிடமாகக் கொண்ட நீர்வளத்துறையும், அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியமும் பராமரிக்கின்றன. மனு தவறான அலுவலகத்துக்குப் போனால் அங்கிருந்து இன்னொரு மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு போகம் கழிந்துவிடும். மதகுக்குக் கீழே வயலுக்கு வயல் பிரியும் சிறு வாய்க்கால்களை ஆயக்கட்டுதாரர்களே பார்த்துக்கொள்வதுதான் நெடுநாள் வழக்கம்.

அந்த வழக்கத்தின் பெயர் குடிமராமத்து. அதற்குச் சட்ட வலுவும் தரப்பட்டிருந்தது. 1858-ஆம் ஆண்டின் சென்னை கட்டாய உழைப்புச் சட்டத்தின்படி, வழக்கமாகத் தர வேண்டிய உழைப்பைத் தராதவர், அதன் மதிப்பைப் போல் இருமடங்கு தொகையைச் செலுத்த வேண்டும் என்றிருந்தது. நீண்டகாலம் நலிந்து கிடந்த இம்முறையை அரசு நிதியோடு சேர்த்து மீட்கும் முயற்சியாகவே 2017 மார்ச்சில், சென்னையை ஒட்டிய மணிமங்கலம் ஏரியில், குடிமராமத்துத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. முதற்கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் எடுக்கப்பட்டன. இத்திட்டத்தில் செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்றது. விவசாயிகள் தம் பங்காக 10 சதவீதத்தை உழைப்பாகவோ, பொருளாகவோ, பணமாகவோ தரலாம் என்று வைக்கப்பட்டிருந்தது. கையில் ரொக்கம் இல்லாத சிறு விவசாயியும் பங்கேற்க இடம் கொடுத்த இந்த விதி, எனக்கு மிகவும் நியாயமானதாகப் படுகிறது.

ஆனால் பங்களிப்பைத் திரட்டவும் பணியைக் கண்காணிக்கவும் ஓர் அமைப்பு வேண்டும். அதற்காகவே 2000-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாயிகள் பாசன முறை மேலாண்மைச் சட்டம், நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு வழி செய்கிறது. அரசு மானியம் பெறவும் உறுப்பினர்களிடம் கட்டணம் வசூலிக்கவும் சங்கத்துக்கு அதிகாரம் உண்டு. உங்கள் ஊரில் சங்கம் இருக்கிறதா, இருந்தால் கடைசியாக எப்போது தேர்தல் நடந்தது என்று விசாரியுங்கள்.

பெரிய சீரமைப்புகளின் கதை வேறு. நபார்டு வங்கி 1995-96 முதல் நடத்திவரும் ஊரக உட்கட்டமைப்பு மேம்பாட்டு நிதியிலிருந்து, பாசனப் பணிகளின் செலவில் 95 சதவீதம் வரை மாநில அரசு கடன் பெறலாம். இரண்டு ஆண்டு சலுகைக் காலம் உட்பட ஏழு ஆண்டுகளில் அதைத் திருப்பிச் செலுத்த வேண்டும். உலக வங்கியின் 31.8 கோடி டாலர் கடனோடு, 2,962 கோடி ரூபாய் மதிப்பில், 66 உபவடிநிலங்களில் (ஆறுகளின் கிளைப் படுகைகளில்) 4,778 ஏரிகளையும் 477 அணைக்கட்டுகளையும் சீரமைக்கத் தமிழ்நாடு நீர்ப்பாசன வேளாண்மை நவீனமயமாக்கல் திட்டம் வகுக்கப்பட்டது. 2,639.15 கோடி ரூபாயிலான கல்லணைக் கால்வாய்ப் புதுப்பிப்புக்கு 2021 பிப்ரவரியில் சென்னையில்தான் அடிக்கல் நாட்டப்பட்டது. இக்கடன்களை அடைப்பது அரசின் பொறுப்பு. இவற்றின் பெயரில் உங்கள் பட்டா அடமானமாகிவிடாது.

தூர்வாருவதையும் மராமத்தையும் ஒன்றென எண்ணக் கூடாது. காவிரி டெல்டாவில் ஆண்டுதோறும் சிறப்புத் தூர்வாரும் பணிக்கு நிதி ஒதுக்கப்படுகிறது. 2023-இல் 90 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். மண்ணை அள்ளினால் தண்ணீர் ஓடும் என்பது உண்மையே. ஆயினும் உடைந்த ஷட்டரும் பெயர்ந்த கட்டுமானமும் அப்படியேதான் இருக்கும். ஆகவே மனுவில் "வாய்க்காலைச் சரிசெய்ய வேண்டும்" என்று பொதுவாக எழுதாமல், எந்த மதகு, எத்தனை மீட்டர் கரை, எந்தச் சர்வே எண் என்று குறிப்பிட்டு, நிலஅளவை வரைபட நகலையும் புகைப்படங்களையும் இணைத்து, மதிப்பீடு தயாரிக்கும்படி கேளுங்கள். மதிப்பீடு இல்லாத பணிக்கு நிர்வாக ஒப்புதல் கிடைக்காது. ஒப்புதல் இல்லாமல் ஒப்பந்தப்புள்ளி கோர மாட்டார்கள்.

நீர்வளத்துறையின் உதவிப் பொறியாளரிடமோ வட்டார வளர்ச்சி அலுவலரிடமோ மனுவைக் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொண்டு, ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் பதிவு செய்யுங்கள். வட மாவட்டங்களில் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் வாய்க்காலுக்குள் இறங்க முடியாது. கோடையில் வேலை நடக்க வேண்டுமானால், அதற்கு முந்தைய மழைக்காலத்திலேயே மனு மேசைக்குப் போயிருக்க வேண்டும்.