போர் அடிக்குதா? போனை எடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம்

"தியானம் எனக்கு ஒத்துவரலை மேடம். உட்கார்ந்தா அஞ்சே நிமிஷத்துல போர் அடிக்குது."

இந்த மாதத்தில் மட்டும் இதை நான்காவது முறையாகக் கேட்டேன். சொன்ன இளைஞர் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்தார். நான் குறிப்பெழுதக் குனிந்த சில விநாடிகளுக்குள் அவர் கை போனை எடுத்தது, திரையைத் தட்டியது, திரும்பக் கவிழ்த்து வைத்தது. "இப்ப எதுக்கு எடுத்தீங்க?" என்றேன். "எடுத்தேனா?" என்று கேட்டார். உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை.

மனநல ஆலோசகராக எனக்கு அலுத்துப்போன தவறான எண்ணம் ஒன்று உண்டு. மைண்ட்ஃபுல்னஸ் (இந்த நொடியில் நடப்பதை அப்படியே கவனிக்கும் தியானப் பயிற்சி) என்றால் மனதைக் காலியாக்குவதாம், எண்ணமே வரக் கூடாதாம், வந்தால் தோற்றுவிட்டோமாம். யார் சொன்னது? எண்ணம் வரத்தான் செய்யும். மனம் எங்கோ போய்விட்டது என்று கவனிக்கிறீர்களே, பயிற்சியே அதுதான். ஐம்பது முறை போனால் ஐம்பது முறை திரும்பக் கூட்டிவாருங்கள். சலிப்பு வந்தால் பயிற்சி கெட்டுவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். அன்றைக்குக் கவனிக்க வேண்டியது அந்தச் சலிப்பைத்தான்.

ஜான் கபாட்-ஸின் 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியைத் தொடங்கியபோது, நாள்பட்ட வலியோடு இருந்தவர்களும் வந்தார்கள். வலியை விரட்டச் சொல்லி அங்கே கற்றுத்தரவில்லை. வலி எப்படி இருக்கிறதோ அப்படியே கவனிக்கச் சொன்னார்கள். வலிக்கே அது பொருந்தும்போது சலிப்புக்குப் பொருந்தாதா?

சும்மா இருப்பது எளிதென்று நான் சொல்லவில்லை. 2014இல் வெளிவந்த ஒரு ஆய்வில் 15 நிமிடம் தனியறையில் எண்ணங்களோடு மட்டும் இருக்கச் சொன்னபோது, 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அழுத்தித் தங்களுக்கே மின் அதிர்ச்சி கொடுத்துக்கொண்டார்கள். போன் அதைவிட வலிக்காத பொத்தான், அவ்வளவுதான். ஆனால் அது சலிப்பைத் தீர்ப்பதும் இல்லை. வீடியோக்களைத் தாவித் தாவிப் பார்ப்பவர்களுக்குச் சலிப்பு கூடத்தான் செய்கிறது என்று டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் காட்டினார்கள்.

சரி, என்ன செய்வது? போர் அடிக்கும்போது அது உடம்பில் எங்கே தெரிகிறது என்று பாருங்கள். கால் ஆடுகிறதா, தாடை இறுகியிருக்கிறதா, கை எதையோ தேடுகிறதா? மனதுக்குள் "சலிப்பு" என்று பெயர் சொல்லுங்கள். மூன்று மூச்சு. அப்புறம் வேண்டுமானால் போனை எடுங்கள், நான் தடுக்கவில்லை. அந்த இளைஞர் அடுத்த வாரம் வந்து, "லிஃப்டுக்கு நிக்கிறப்ப கை பாக்கெட்டுக்குப் போனதைப் பார்த்துட்டேன் மேடம். ஆனாலும் எடுத்துட்டேன்" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வண்டி ஓட்டும்போது கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கும் வேலையெல்லாம் வேண்டாம். முதல் நாளே அரை மணி நேரம் உட்காராதீர்கள். இரண்டு நிமிடம் போதும். கண்ணை மூடினால் பழைய பயங்கரம் எதாவது மேலே வருகிறதென்றால் உடனே கண்ணைத் திறங்கள். தனியாகத் தொடராமல் ஒரு ஆலோசகரோடு செய்யுங்கள். உங்கள் வேலையே உங்களுக்குத் துளியும் பொருந்தவில்லையா? அதைச் சகித்துக்கொள்ள இந்தப் பயிற்சியைப் பயன்படுத்தாதீர்கள். அங்கே மாற்ற வேண்டியது வேலையை. ஊழியர்களுக்கு மூச்சுப்பயிற்சி சொல்லித்தரக் கேட்கும் மேலாளர்களிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக, தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். முன்பு பிடித்த எதுவுமே இப்போது பிடிக்கவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, இரண்டு வாரமாக இப்படியே போகிறது என்றால், "போர் அடிக்குது" என்று சொல்லி அதைக் கடக்காதீர்கள். மனச்சோர்வு அந்த வார்த்தையில்தான் பெரும்பாலும் என் அறைக்குள் வருகிறது. மருத்துவரைப் பாருங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.