மூடி திறந்த நாளை ஒயில் கானில் எழுதி வையுங்கள்

மார்கழி மழை ஓய்ந்த ஒரு காலையில், திருகோணமலைத் திருக்கடலூர்ப் படகுக்காரர் ஒருவர் கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் எஞ்சின் ஒயிலோடு கராஜுக்கு வந்தார். பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. "தம்பி, பரல் வாங்கி எட்டு மாசம்தான் ஆகுது. கள்ள ஒயிலைத் தந்திட்டாங்களோ?" என்று கேட்டார். ஒரு தகரத் துண்டைச் சூடாக்கி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு ஒரேயொரு துளி விட்டேன். சடசடவென்று பொரிந்து தெறித்தது. தண்ணீர் கலக்காத ஒயில் அப்படிப் பொரியாது.

அவருடைய பரல் முற்றத்தில் நிமிர்ந்தபடி நின்றிருக்கிறது. மேல் விளிம்புக்குள் மழைநீர் தேங்கிவிடும். பகல் வெயிலில் உள்ளே இருக்கும் ஒயிலும் காற்றும் விரிய, மூடியின் இடுக்கால் கொஞ்சம் காற்று வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, மூடிக்கு மேல் நிற்கிற தண்ணீரைப் பரல் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு வாடைக்காலம் முழுக்க இப்படி நடந்தால் எவ்வளவு தண்ணீர் போயிருக்கும் என்று பாருங்கள். பரலைக் கூரைக்குக் கீழே வையுங்கள். வெளியில்தான் இடம் என்றால் படுக்க வையுங்கள். இரண்டு மூடிகளும் இடமும் வலமுமாக ஒரே மட்டத்தில் இருந்தால் ஒயில் உள்ளிருந்து அவற்றை மூடி நிற்கும். காற்றும் தண்ணீரும் நுழைய வழியில்லை.

ஒயிலுக்குக் காலாவதி உண்டா என்று பலரும் கேட்கிறார்கள். உண்டு. சீல் உடைக்காமல், வெயில் படாத இடத்தில் இருந்தால் ஐந்து வருடம் வரை தாங்கும் என்று பல உற்பத்தியாளர்கள் சொல்கிறார்கள். சிலர் அதைவிடக் குறைவாகவும் சொல்கிறார்கள். கானில் அச்சடித்திருப்பதைப் பாருங்கள், அதுதான் கணக்கு. அந்த ஐந்து வருடமும் கடையில் வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை, தயாரித்த திகதியிலிருந்து தொடங்குகிறது. 2022 தட்டுப்பாட்டில் கிடைத்ததை வாங்கி வைத்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், சீல் உடையாத கானை உவர்மலையிலிருந்து கொண்டுவந்தார். தயாரித்த ஆண்டு 2020. "ஐயா, இதை எங்க வைச்சிருந்தீங்க?" என்றேன். சமையலறைத் தகரக் கூரைக்குக் கீழே உள்ள பரணில். எங்கள் ஊர்க் கச்சான் காற்றுக் காலத்து வெக்கையில் அந்தப் பரண் எப்படிக் கொதித்திருக்கும்! அதை அவருடைய ஸ்கூட்டருக்கு ஊற்ற எனக்கு மனம் வரவில்லை.

வெக்கை என்ன செய்யும்? ஒயில் என்பது வெறும் எண்ணெய் இல்லை. அழுக்கைக் கழுவும் சேர்மானம், தேய்மானத்தைத் தடுக்கும் சேர்மானம், நுரை வராமல் காக்கும் சேர்மானம் என்று பல அதில் கலந்திருக்கின்றன. சூடும் காற்றும் சேர்ந்தால் எண்ணெய் மெல்ல ஒக்சிஜனேற்றம் அடையும். நாட்பட்டால் சேர்மானங்கள் சில பிரிந்து அடியில் படியவும் கூடும். கானைக் குலுக்கிய பிறகும் அடியில் களி மாதிரி நின்றால், ஒயில் கலங்கியிருந்தால், புளித்த வாடை அடித்தால், எஞ்சினுக்கு வேண்டாம்.

மூடி திறந்த கானில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். சேர்விஸுக்குப் போக மிஞ்சிய அரை லீற்றரை மூடியும் சரியாக இறுக்காமல் மூலையில் வைப்போம். கடலோர ஊர், காற்றில் எப்போதும் ஈரம். மணலும் தூசும் வேறு. நான் திறந்த கானில் அன்றைய திகதியை மார்க்கரால் எழுதிவிடுவேன். ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுவேன், ஒரு வருடத்தைத் தாண்டியதைத் தொடமாட்டேன். பிரேக் ஒயில் இன்னும் மோசம். அது ஈரத்தைத் தானாகவே இழுக்கும், அதனால் திறந்த போத்தலில் மிஞ்சியதை அடுத்த சேர்விஸுக்கென்று வைக்கவே வைக்காதீர்கள். பிரேக் உயிர் விஷயம்.

எஞ்சினுக்குள் இருக்கிற ஒயிலுக்கும் வயசு போகும். "வண்டி ஓடவேயில்லை, ஏன் மாத்தணும்?" என்பார்கள். சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதேயில்லை. உள்ளே சேரும் ஈரமும் எரியாத பெற்றோலும் ஆவியாகிப் போகாமல் ஒயிலிலேயே தங்கிவிடும். ஒயில் மூடியைக் கழற்றி உட்பக்கம் பாருங்கள், வெண்ணெய் தடவின மாதிரிப் படிந்திருந்தால் அந்த ஈரம்தான். கிலோமீற்றர் வராவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாற்றியும் அந்த வெண்ணெய் திரும்பத் திரும்ப வந்தால், அல்லது ரேடியேற்றர்த் தண்ணீர் குறைந்துகொண்டே போனால், ஹெட் கஸ்கட்டை, அதாவது எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் இடையில் இருக்கும் அடைப்பை, பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய கான் கெடாமல் இருந்தாலும் தரக் குறியீட்டைப் பாருங்கள். அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் (ஏபிஐ) எஸ்பி தரம் 2020 மே மாதத்தில் வந்தது. புதிய காருக்கு அதைக் கேட்டிருந்தால், பழைய தர ஒயில் சரிவராது. மோட்டார் சைக்கிளுக்குக் கார் ஒயிலை ஊற்றாதீர்கள், கிளச் வழுக்கும். கானில் ஜாசோ எம்ஏ என்ற ஜப்பானியத் தரக் குறி போட்டிருக்க வேண்டும்.

அந்தப் படகுக்காரரின் பரலில் எஞ்சினுக்கு உதவும் ஒயில் ஒரு சொட்டும் மிஞ்சவில்லை. ஆசிரியரின் கான் என் கராஜில்தான் இருக்கிறது, கேற் பிணைச்சலுக்கும் மண்வெட்டித் துரு பிடிக்காமல் பூசவும் உதவுகிறது. கழிவு ஒயிலை வடிகாலுக்குள்ளோ கடலுக்குள்ளோ ஊற்றாமல், மூடியுள்ள பழைய கானில் சேர்த்து, எடுப்பவர்களிடம் கொடுங்கள்.