தவளை குடிப்பது வாயால் அல்ல

கோலாலம்பூர், செந்தூல் அடுக்குமாடி வீட்டில் அக்கா மகனுக்காக ஒரு தவளைத் தொட்டி கட்டினேன். செடி, சின்ன அருவி, அடியில் குட்டைபோல் கொஞ்சம் தண்ணீர். தவளை ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை. வந்த இரண்டாம் நாள் இரவு அது தண்ணீரில் அடிவயிற்றைப் பதித்து அசையாமல் உட்கார்ந்திருந்தது. "மாமா, இது ஏன் தண்ணியே குடிக்க மாட்டேங்குது?" என்றான் பையன். அப்போது அது குடித்துக்கொண்டுதான் இருந்தது.

தவளையின் அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் தோல் மெல்லியது, இரத்தக் குழாய்கள் அடர்ந்தது. தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. மூச்சுக்காற்றில் ஒரு பங்கும் தோல் வழியே. ஆகவே குழாய்த் தண்ணீரின் குளோரின், செடிக்குப் போட்ட உரம், பூச்சிமருந்து, அதன் சொந்தக் கழிவு என்று தொட்டியில் கரைந்ததெல்லாம் தவளைக்குள்ளும் போகும். நர்சரிச் செடியை மண் உதறி, வேரைக் கழுவித்தான் நட வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. உரம் கலந்த மண்ணோடு நட்டேன். கொஞ்ச நாளில் தண்ணீர் முழுக்கப் பச்சைப் பாசி. நல்ல வேளை, தவளை இன்னும் வந்திருக்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

இந்த முறை அடியில் ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் போடும் சுட்ட களிமண் உருண்டைகள், மேலே நைலான் வலை, அதற்கு மேல் தேங்காய் நார்த்தூள். நார்த்தூளின் நுண்ணிய துளைகள், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் தண்ணீரை இழுக்கும். உருண்டைகளுக்கு நடுவே இடைவெளி பெரியது, அதில் தண்ணீர் ஏறாது. நீர்மட்டம் வலைக்குக் கீழே இருக்கும்வரை மேலே ஈரம் இருக்கும், சேறாகாது. சேறானால் காற்று புகாது. காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் பெருகி ஹைட்ரஜன் சல்ஃபைடை விடும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான்.

அருவியை அழகுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். தவளைக் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும்; அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும், அதைச் செடி உறிஞ்சிக்கொள்ளும். இவற்றுக்கு ஒட்டிக்கொள்ள இடமும் ஆக்சிஜனும் வேண்டும். இடம் களிமண் உருண்டைகளில் கிடைக்கிறது. ஆக்சிஜனை, பம்ப் ஏற்றிவிட்டுக் கல்மேல் வழியும் தண்ணீர் கொண்டுவருகிறது. இவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தவளையைக் கொண்டுவரவில்லை, பையனுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. மணி பிளாண்டின் வேரைத் தண்ணீரிலேயே விட்டேன். நைட்ரேட்டை அது நன்றாகவே இழுக்கிறது.

ஆழம் 5 சென்டிமீட்டர் போதும். மரத்தவளை ஏறுவதில் கில்லாடி, நீச்சலில் மட்டம். ஏறி வரக் கல்லைச் சரிவாக வைக்க வேண்டும்.

குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளில் முதலில் வருவது சூடேற்றும் விளக்கு. கோலாலம்பூரில் அதற்கு என்ன வேலை? மதியம் 33 டிகிரி. தொட்டியை மூடிவைத்தால் உள்காற்று ஈரத்தால் நிறைந்துவிடும். நிறைந்த காற்றில் தண்ணீர் ஆவியாகாது, ஆவியாகாவிட்டால் குளிர்ச்சியும் கிடையாது, பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம். மூடியைக் கம்பிவலையாக மாற்றி, பழைய கம்ப்யூட்டர் விசிறி ஒன்றை மேலே பொருத்தினேன். மாலை வெயில் விழும் ஜன்னலிலிருந்து தொட்டியையும் தள்ளிவைத்தேன்.

அப்புறம், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரை லோங்காங்கில், அதாவது தெருச் சாக்கடையில், ஊற்றக் கூடாது. 1998இல் அடையாளம் காணப்பட்ட கைட்ரிட் பூஞ்சை தவளையின் தோலைத் தாக்கும். அதன் வித்துகள் தண்ணீரில் நீந்திப் பரவும். ஆஸ்திரேலியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் சில தவளை இனங்களே அதனால் இல்லாமல் போயின. எங்கள் தவளையிடம் அது இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் அழுக்குத் தண்ணீரில் குளோராக்ஸ் (துணி வெளுக்கும் பிளீச்) கலந்து, வாளியை ஓரமாக வைத்திருந்து, பிறகு கழிவறையில் ஊற்றுகிறேன். மழை விட்டதும் கீழே லோங்காங்கில் குண்டுத் தவளைகள் மாடுபோல் கத்தத் தொடங்கிவிடுகின்றன.