பள்ளியில் இருந்தபடியே கல்லூரிப் பாடம்: மினசோட்டாவின் பி.எஸ்.ஈ.ஓ. திட்டம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கல்லூரிக்கே போய், அங்குள்ள மாணவர்களோடு உட்கார்ந்து பாடம் படிக்கலாம்; இணையவழியிலும் எடுக்கலாம். அந்தப் பாடம் பள்ளிக் கணக்கிலும் சேரும், கல்லூரிக் கணக்கிலும் சேரும். 1985 முதல் சட்டமாக இருக்கும் இந்தத் திட்டத்துக்கு, போஸ்ட்செகண்டரி என்ரோல்மென்ட் ஆப்ஷன்ஸ் என்று பெயர். சுருக்கமாக பி.எஸ்.ஈ.ஓ.

பாடக் கட்டணமும் பாடப் புத்தகங்களும் அரசின் செலவு. புத்தகத்தை மட்டும் செமஸ்டர் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் பதிவு செய்யும்போது 'பள்ளி கிரெடிட்டும் வேண்டும்' என்று குறிப்பிட வேண்டும் (கிரெடிட் என்பது முடித்த பாடத்துக்காகக் கணக்கில் சேரும் அலகு). கல்லூரி கிரெடிட் மட்டும் போதும் என்றால் கட்டணம் உங்கள் கையிலிருந்துதான்.

பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் முழுநேரமாகவும் சேரலாம். யாரை எடுப்பது என்பதைக் கல்லூரியே முடிவு செய்யும். பத்தாம் வகுப்பு மாணவர்கள் முதலில் ஒரு தொழிற்கல்விப் பாடம் மட்டும் எடுக்கலாம். எட்டாம் வகுப்பு மாநில வாசிப்புத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். அந்தப் பாடத்தில் 'சி' தரம் அல்லது அதற்கு மேல் வாங்கினால் அடுத்த தொழிற்கல்விப் பாடங்களுக்கு வழி திறக்கும்.

அடுத்த கல்வியாண்டில் சேரும் எண்ணம் இருந்தால் மே 30-க்குள் பள்ளியிடம் சொல்லிவிடுங்கள். ஜனவரியில் தொடங்கும் செமஸ்டருக்கு அக்டோபர் 30. கல்லூரியின் விண்ணப்பத் தேதி வேறு, அதைத் தனியாகப் பாருங்கள். அனுமதி கிடைத்தபின் பதிவுப் படிவத்தில் மாணவர், பெற்றோர், பள்ளி, கல்லூரி என நால்வர் பங்கும் நிரப்பப்பட வேண்டும்.

பலர் சறுக்குவது கிரெடிட் கணக்கில்தான். கல்லூரியின் 4 செமஸ்டர் கிரெடிட், பள்ளியில் ஓராண்டுப் பாடத்துக்குச் சமம். 3 கிரெடிட் பாடம் எடுத்தால் முக்கால் பங்குதான் கிடைக்கக்கூடும். பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்துக்குப் பதிலாக அதை எடுத்தவருக்கு, பள்ளி முடிக்கும் நேரத்தில் கால் பங்கு குறையும். எந்தப் பாடம் எந்தத் தேவைக்கு ஈடு என்பதைப் பதிவுக்கு முன்பே பள்ளியின் கவுன்சிலரிடம் (மாணவர் வழிகாட்டி ஆலோசகரிடம்) எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த மதிப்பெண் அழியாது. தோற்றால் பள்ளிப் பதிவிலும் 'எஃப்', கல்லூரிப் பதிவிலும் 'எஃப்'. நடுவில் விலகினால் விழும் 'டபிள்யூ'வும் முடிக்காத கிரெடிட்டாக எண்ணப்படும். பின்னாளில் கல்லூரிக் கல்விக்கான அரசு நிதியுதவி கேட்கும்போது இவையெல்லாம் கணக்கில் வரும். பிள்ளையின் ஒப்புதல் இல்லாமல் கல்லூரி பெற்றோரிடம் மதிப்பெண்ணைப் பொதுவாகச் சொல்லாது. அதனால் முதல் தேர்வு முடிந்ததுமே பிள்ளையிடம் உட்கார்ந்து பேசுங்கள். விலக நேர்ந்தால் கல்லூரி, பள்ளி இரண்டிடமும் அன்றே தெரிவியுங்கள். ஒன்றுக்குச் சொன்னது மற்றதற்குத் தானாகப் போய்ச் சேராது.

வேறு மாநிலக் கல்லூரிகள் இந்தக் கிரெடிட்டை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வருமானம் குறைந்த குடும்பங்கள் கல்லூரிக்குப் போய்வரும் பயணச் செலவைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம்.